குழந்தைக்கு எவ்வளவு மருந்து?

பிப்ரவரி 3

இதய அறுவை சிகிச்சைக்குப் பின் பல நாள் வென்டிலேட்டரில் இருந்த குழந்தை. வலி தெரியாமலிருக்க ஃபென்டனில் என்ற ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநிவாரணி) ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் குறைக்கத் தொடங்கியதும் நடுக்கம், வியர்வை, கொட்டாவி, தும்மல், பேதி. தோளில் போட்டுத் தட்டினாலும் அடங்காத அழுகை. டபிள்யூஏடி-1 என்ற மதிப்பெண் அட்டவணையில் 12-க்கு 3 வந்தாலே விலகல் அறிகுறி (பழகிய மருந்து குறையும்போது உடல் படும் தொல்லை) என்று எடுத்துக்கொள்வோம். இன்று 7.

"என் பிள்ளை போதைக்கு அடிமையாகிவிட்டானா டாக்டர்?" என்று தாய் கேட்டார். "இல்லை அம்மா, உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். மெல்ல மெல்ல மீட்டுவிடலாம்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 6

ஓபியாய்டு அடக்கி வைத்திருந்த நரம்புகள், அது விலகியதும் நோரட்ரினலின் என்ற, உடலைப் பதறவைக்கும் வேதிப்பொருளைக் கொட்டித் தீர்க்கின்றன. குளோனிடினும் லோஃபெக்சிடினும் அந்த வேகத்தைத் தணிப்பவை. லோஃபெக்சிடினுக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது; அதுவும் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைக்கு எவ்வளவு என்று கண்டறியத்தான் எங்கள் ஆய்வு.

பெரியவரின் டோஸை எடைக்கு ஏற்ப வகுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது! லோஃபெக்சிடினைச் சிதைப்பதில் பெரும்பங்கு சிஒய்பி2டி6 என்ற கல்லீரல் நொதிக்கு. பிறந்த குழந்தையிடம் அது மிகக் குறைவு. வளர வளரத்தான் கூடும். மார்ஃபினை மாற்றும் நொதியும் அப்படியே. அதனால் பச்சிளம் குழந்தையின் உடலில் மருந்து தேங்கும். இரண்டு வயதுப் பிள்ளையோ பல மருந்துகளை, கிலோவுக்குக் கிலோ பார்த்தால், பெரியவரை விட விரைவாக வெளியேற்றிவிடுகிறது. ஒரே கணக்கு ஒருவருக்கு நஞ்சாகும், இன்னொருவருக்குப் போதாமல் போகும். 1959-இல் குளோராம்ஃபெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த பச்சிளம் குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்ததும் முதிராத கல்லீரலால்தான்.

பிப்ரவரி 15

மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 240 மில்லி. ஆய்வுக்காக ஒரே நேரத்தில் அதில் 1 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை: 2.4 மில்லி. நான்கு வாரங்களுக்குச் சேர்த்து 3 சதவீதம். எனவே வழக்கமான பரிசோதனைக்கு ஊசி போடும்போதே நமக்கும் சில துளிகள். ஒவ்வொரு குழந்தையிடமும் இரண்டு மூன்று இரத்த மாதிரிகள் போதும். பல குழந்தைகளின் அளவுகளைச் சேர்த்து கணினியில் கணக்கிட்டால், மருந்து ஏறி இறங்கும் வளைவு தெரியவரும்.

நேரம் மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். இரவுப் பணிச் செவிலியர் குழாயின் சீட்டில் "மருந்து 2.05, இரத்தம் 3.40" என்று பொடி எழுத்தில் குறித்திருந்தார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் குழந்தை கொடுத்த இரத்தம் வீண்.

மார்ச் 2

சிறு குழந்தைகளிடம் ஆய்வா என்று முகம் சுளிப்பவர்கள்மீது எனக்குக் கோபமில்லை, வருத்தம் உண்டு. இப்போதும் அவர்களுக்கு இந்த மருந்துகளைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், பெரும்பாலும் அனுபவத்தை நம்பி.

மெத்தடோன் (விலகலை மெல்லச் சமாளிக்கக் கொடுக்கும் இன்னொரு ஓபியாய்டு) பெறும் குழந்தைகளைத் தனிக் குழுவாகப் பிரித்துவிட்டேன். மெத்தடோனும் இசிஜியில் கியூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்செயல் முடிந்து மீள எடுக்கும் நேரம்) நீட்டும், லோஃபெக்சிடினும் நீட்டும்; மிகவும் நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இறங்குவதையும் கவனிக்க வேண்டும். நாளை முதல் அந்தக் குழுவுக்கு ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் பின்பும் இசிஜி.