சின்னக் கதிரைகளில் ஒரு கூட்டம்

மகனின் பையில் ஒரு கடிதம் வந்திருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டம், மாலை ஆறரை மணி, பீட்சா உண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வோம், கட்டாயம் வாருங்கள். வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதிந்து, அவனுக்கு இரண்டு வயதானபோது கிடைத்த டேகெயார் இடம் அது. போகாவிட்டால் குறையாக நினைப்பார்களோ என்றுதான் போனேன்.

மொன்றியலில் சிபிஈ என்று சொல்லும் இந்தச் சிறுபிள்ளை மையங்கள் அரசாங்கத்தின் டேகெயார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். 2025இல் நாளுக்கு 9 டொலர் 35 சதம் கட்டினோம், பெரும்பங்கை கியூபெக் அரசு கொடுத்தது. அப்படியென்றால் அரசாங்கத்துடையதுதானே? அன்று பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம். மார்ச் 31 வரையான கணக்கறிக்கையை எங்கள் கையில் தந்துவிட்டு, கேள்வி கேளுங்கள் என்றார் இயக்குநர். நான் முழித்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அல்ஜீரியத் தகப்பன் மெதுவாக விளக்கினார். இது இலாப நோக்கமில்லாத அமைப்பு. நிர்வாகசபையில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்காவது இங்கே பிள்ளையை விடும் பெற்றோராக இருக்க வேண்டும், சட்டமே அதுதான். இயக்குநரை வேலைக்கு எடுப்பதும் அந்தச் சபைதான். இரண்டு பேரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதால் இரண்டு இடம் காலி. என் பெயரை அவரே சொன்னார். எல்லோரும் கையை உயர்த்தினார்கள்.

இரவு யாழ்ப்பாணத்துக்கு எடுத்து அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எங்கட சனசமூக நிலையத்து முன்பள்ளி மாதிரித்தானே பிள்ளை" என்றார். நான் அரை மணி நேரம் புரியவைக்க நினைத்திருந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு கொட்டில், அம்மாமார் முறைவைத்துக் காய்ச்சிய கஞ்சி. நான் படித்ததும் அங்கேதான்.

எங்கள் சிபிஈ எப்படித் தொடங்கியது என்பதை அதே தெருவில் இருக்கும் ஒரு மூதாட்டி சொன்னார். அவருடைய பிள்ளைகளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள், ஆனாலும் கூட்டத்துக்கு வராமல் இருக்க மாட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட். தகப்பன்மார் பலகை வாங்கி மேசை அடித்தார்கள். துணி நாப்கின்களை ஒவ்வொரு கிழமையும் ஒரு வீடு கொண்டுபோய்த் துவைத்தது. சம்பளத்துக்கு ஒட்டாவாவின், அதாவது கனடா மத்திய அரசின், உள்ளூர் முயற்சித் திட்டத்தில் காசு எடுத்தார்கள். அது வேலையில்லாதவர்களுக்குக் கொஞ்சக் காலம் வேலை கொடுக்கும் திட்டம், பிள்ளை வளர்ப்புக்கு என்று வந்ததே அல்ல. அதை வைத்துத்தான் நகரத்தின் ஏழைப் பகுதிகளில் 'மக்கள் காப்பகங்கள்' முளைத்தன. காசு நின்றதும் மூடும் நிலை. பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனோம், குளிர் காலம் வேறு என்றார். 1979இல்தான் காப்பகங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1997இல் கியூபெக் அமைச்சர் பொலின் மறுவா காலத்தில் நாளுக்கு 5 டொலர் திட்டம் நான்கு வயதுப் பிள்ளைகளோடு தொடங்கி, 2000இல் எல்லா வயதுக்கும் விரிந்தது. புதிய சிபிஈகளுக்கு அடித்தளமானவை ஏற்கெனவே பெற்றோர் நடத்தி வந்த காப்பகங்கள்தான்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் தாய்மார் தொழிற்சாலைக்குத் தேவைப்பட்டபோது மொன்றியலில் அரசு காப்பகங்கள் திறந்தது. 1945இல் போர் முடிந்ததும் அவற்றை மூடியது. தாய்மாரை யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் அம்மாமார் பணத்தோடு நிற்காமல் நிர்வாகசபையிலும் இடம் வேண்டும் என்று நின்றது எவ்வளவு சரி என்று இப்போது விளங்குகிறது.

அந்த இடத்தின் பாரம் எனக்கு விளங்கியது போன குளிர்காலத்தில். எங்கள் சமையல்காரி ஓய்வு பெற இருந்தார். வெளியில் இருந்து சாப்பாடு எடுத்தால் வருடத்துக்கு நல்ல தொகை மிஞ்சும் என்று கணக்கு வந்தது. மூன்று கூட்டம் பேசினோம். என் பிரெஞ்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளை யார், முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யார் என்று அவருக்குப் பெயர் பெயராகத் தெரியும். பத்து மணிக்கு வெங்காயம் வதங்கும் வாசம் வந்தால் என் மகன் கதவடிக்குப் போய் நிற்பான். அந்த வாசம் எந்தக் கணக்கிலும் வராது, ஆனால் அவனுக்கு அதுதான் அந்த இடம். நாலுக்கு மூன்று வாக்கு. இன்னொரு சமையல்காரரை எடுத்தோம். பூச்சு அடிக்க வைத்திருந்த காசு அதில் போனது, சுவர்கள் இன்னும் பழைய பச்சைதான்.

சபையில் நேரம் போகும், உண்மை. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. எனக்கு அது வீண் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கான கடிதத்தைப் போன கிழமை தமிழிலும் எழுதினேன். எங்கள் சிபிஈயில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். எட்டுப் பையிலும் நானே வைத்தேன். இந்த முறை மூன்று இடம் காலி.