ரோமானிய வாசனைக் குப்பி: ஏழாவதுதான் நின்றது

போன ஞாயிற்றுக்கிழமையோடு ஏழு கண்ணாடிக் குப்பி ஊதியாயிற்று. ஆறு உடைந்தோ கோணியோ போய்விட, ஏழாவது மட்டும் மேசைமேல் நிற்கிறது. 11 சென்டிமீட்டர் உயரம், நீளக் கழுத்து, பேரிக்காய் போல வயிறு, கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் வாசனைத் தைலம் வைத்திருந்த வடிவம்.

முதல் நான்கும் கனத்தால் கெட்டன. டம்ளர் ஊதிய பழக்கத்தில் ஊதுகுழலை உலைக்குள் விட்டு உருகிய கண்ணாடியை நிறைய சுற்றி எடுத்துவிடுவேன், அடி தடித்துக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அருங்காட்சியகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபிறகுதான் பிடிபட்டது, அவ்வளவு மெல்லிய சுவர் வர வேண்டுமானால் எடுக்கும் குழம்பே நெல்லிக்காய் அளவுதான் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ரோமில் ஒரு கண்ணாடிக் கோப்பை செப்புக் காசுக்குக் கிடைத்தது என்று அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இவ்வளவு குறைந்த சரக்கில், சில நிமிட வேலையில் முடிகிறதென்றால் விலை இறங்கத்தானே செய்யும்.

சரி, ஐந்தாவதற்குக் கொஞ்சமாக எடுத்தேன். சின்ன உருண்டை சட்டென்று இறுகிவிடுகிறது, ஊதினால் அசையவில்லை. ஒரு ஊது ஊதியதும் குழல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துவிட வேண்டும், சிக்கிய காற்று சூட்டில் விரிந்து தானே வழி செய்துகொள்ளும். ஆரஞ்சு உருண்டைக்குள் கடுகளவு புள்ளி ஒன்று தோன்றி, மிளகாகி, பட்டாணியாவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அப்புறம் குழலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டினால் கழுத்து தன் கனத்திலேயே நீள்கிறது.

ஆறாவதைக் குழலிலிருந்து பிரிக்கும்போது விரிசல் வயிறுவரை ஓடிவிட்டது. ஏழாவதில் இடுக்கியால் கழுத்தைச் சுற்றி முதலில் ஆழமாக ஒரு வரி போட்டு, அதில் ஈரத்தைத் தொட்டு, குழலை லேசாகத் தட்டினேன், சுத்தமாகக் கழன்றது. விளிம்பைச் சுட்டு உள்பக்கமாக மடித்து, 500 டிகிரிச் சூளையில் வைத்து இரவு முழுக்க மெல்ல ஆறவிட்டேன்.

மண்ணில் புதைந்து கிடந்த குப்பிகளில் தெரியும் வானவில் மினுக்கத்தை நகல்களில் பூசுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். விற்றவன் கையில் இருந்தபோது அது கிடையாது, நான் செய்ய விரும்புவது அன்றைக்குக் கடையில் வாங்கிய குப்பியை. நிறம்தான் இன்னும் பாக்கி: அவர்கள் மணலில் இருந்த இரும்பால் வந்த நீலப்பச்சை என் தெளிந்த கண்ணாடியில் இல்லை, அடுத்த உருக்கில் துளி இரும்பு ஆக்சைடு சேர்க்கப்போகிறேன்.

ரோஜா இதழ் ஊறிய ஆலிவ் எண்ணெயை ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். துளித்துளியாகத்தான் இறங்குகிறது.