செக்கிலிருந்து புல்லட் வரை: திருவொற்றியூரில் ஒரு நாள்

ஆகஸ்ட் வந்தால் சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். 1639-இல் கோட்டைக்கான இடம் கைமாறிய கணக்கு அது. அந்த வருஷத்தில் திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டுகளுக்கே பல நூறு வயது. அப்படிப்பட்ட ஊரைத்தான் நாம் புறநகர் என்கிறோம். இந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சாமியையும் ராஜாவையும் எழுதுகிறார்கள். நான் இங்கே உழைத்துப் பிழைத்தவர்களின் தடம் தேடிப் போனேன்.

மெட்ரோவில் காலடிப்பேட்டையில் இறங்கினேன். 1708-இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் ஒன்று. அடுத்த பத்து வருஷத்துக்குள் ஆளுநராக வந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பேட்டை இது. காலெட் பேட்டைதான் பேச்சுவழக்கில் காலடிப்பேட்டை ஆனது. கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிய துணிக்கு இப்படிப்பட்ட பேட்டைகள்தான் ஆதாரம். உள்ளே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. தினமும் காஞ்சிபுரம் போய் வரதரைச் சேவித்துவிட்டு வேலைக்கு வந்த ஊழியர் ஒருவரின் பக்தியைப் பார்த்து காலெட் கட்டிக்கொடுத்த கோயில் என்பது ஊர்க்கதை. நான் நடந்த தெருக்களில் தறிச் சத்தம் கேட்கவில்லை. பெருமாள்தான் நெசவாளர்களுக்கு மிச்ச சாட்சி.

அங்கிருந்து தேரடி. சன்னதித் தெருவுக்குள் திரும்பினால் பூக்கடைகள், நெய்விளக்குத் தட்டுகள். வெள்ளிக்கிழமையோ பௌர்ணமியோ என்றால் வடிவுடையம்மன் சன்னதிக் கூட்டம் தெரு வரைக்கும் நிற்கும். மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். எப்போதும் கவசத்துக்குள் இருப்பவரைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம். புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள்.

நான் அதிக நேரம் நின்றது மூலவர் விமானத்தின் பின்பக்கம். தூங்கானை மாடம் என்பார்களே, படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி பின்புறம் வளைந்து போகும் அமைப்பு, அதுதான் இது. சுவரை ஒட்டி நின்று பார்த்தால் கற்கள் சேரும் இடம் மெல்லிய கோடாகத்தான் தெரிகிறது. நேர்ச்சுவர் என்றால் ஒரே அளவில் வெட்டி அடுக்கிவிடலாம். வளைவு என்றால் ஒவ்வொரு கல்லின் முகத்தையும் அந்த வளைவுக்குத் தக்கபடி செதுக்கியாக வேண்டும். ராஜேந்திர சோழன் காலத்தில் இதைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டியவர் ரவி என்ற வீரசோழத் தச்சன். கட்டச் சொன்னவர் மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதர். இரண்டு பேருமே கல்வெட்டில் இருக்கிறார்கள். தச்சன் பெயரைக் கல்லில் எழுதிவைத்த ஊர் என்பதற்காகவே எனக்குத் திருவொற்றியூரைப் பிடிக்கும்.

அந்த மடத்துக்கும் ஒரு கதை உண்டு. 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்டான். அவனுடைய நண்பனான கேரள வீரன் ஒருவன் அன்று களத்தில் இல்லை. கூட நின்று சாகவில்லையே என்று மனம் நொந்தவன், கங்கையில் நீராடித் துறவியாகி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்து மடத்தை ஏற்றான். அவர்தான் முதல் சதுரானன பண்டிதர். விமானம் கட்டச் சொன்னவர் அதே பட்டப்பெயரில் பின்னால் வந்தவர். முந்தியவரின் கதையும் கல்வெட்டில் இருந்து கிடைத்ததுதான்.

அப்புறம் கலிய நாயனார். இந்த ஊர்ச் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் என்கிறது பெரியபுராணம். கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றியே சொத்து கரைந்தது. பிறகு அடுத்தவர் செக்கில் கூலிக்கு ஆட்டினார். கூலி வேலையும் நின்றபோது எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்து கழுத்தை அரிந்தார். சிவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்று கதை முடிகிறது. எனக்கு மனதில் நின்றது கூலிக்குச் செக்காட்டிய அந்த இடம். பிழைப்புப் போனவனின் தவிப்பு அதில் அப்படியே இருக்கிறது.

மெயின் ரோட்டுக்குத் திரும்பி வடக்கே போனால் வேறொரு திருவொற்றியூர். விம்கோ நகர் ஸ்டேஷன் பெயரே தீப்பெட்டி ஆலையின் பெயர்தான். 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதும் இந்த ஊரில்தான். அதுதான் எம்ஆர்எஃப் ஆக வளர்ந்தது. 1950-களில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது, நாடெங்கும் ஓடிய புல்லட் இங்கிருந்து புறப்பட்டது. ஷிப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த தொழிலாளிகளால் ஆன ஊர் இது. விமானத்தின் தச்சனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. புல்லட்டை முடுக்கிப் பூட்டிய ஃபிட்டர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளாவது எழுதிவைக்க வேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போனேன். பட்டினத்தார் சமாதி அங்கேதான். கடலுக்கும் கோயிலுக்கும் நடுவில் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சாலையைத் தாண்டினால் மணல் அகலம் குறைவு, பாறாங்கல் கொட்டிய தடுப்புதான் அதிகம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். கடலுக்குள் கை நீட்டி, "கரை அங்க இருந்துச்சு தம்பி, எங்க வூடே அங்கதான்" என்றார்.

1870-களில் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. மறித்த மணல் மெரினாவாக அகன்றது. மணல் வராத வடக்குக் கரையைக் கடல் அரித்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மீனவக் குப்பங்கள் பட்ட பாடு அதனால்தான். இப்போது தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள், போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் மணல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு நடக்கும் நமக்கு, காலடியில் இருப்பது இந்தக் கரைக்கு வந்திருக்க வேண்டிய மணல் என்று தெரிய வேண்டும்.

போகிறவர்கள் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பின்பக்கச் சுவரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.