செவ்வாய்க்கிழமைக் கணக்கு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

கட்டிலை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முட்டியை. முகம் அப்புறம்தான்.

காவேரிப்பட்டணம் முழுக்க ஒரே வார்த்தை: ஜவ்வு. "ஜவ்வு கிழிஞ்சிடுச்சாமே." "ஜவ்வுக்கு ஆட்டுக்கால் சூப்பு குடிக்கணும்." பெங்களூர் பாட்மிண்டன் அகாடமியில் எல்லாரும் ஏசிஎல் என்றார்கள், கொஞ்சம் கௌரவமாக இருந்தது. இங்கே ஜவ்வு என்றதும் மிட்டாய்க்காரர் இழுத்து இழுத்துக் கையில் வாட்ச் கட்டிவிடுவதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆயா முட்டியைப் பார்க்கவில்லை. "சாப்டியா" என்றது. அவ்வளவுதான்.

ஜனவரி 7, செவ்வாய்

செவ்வாய்தோறும் உலக ரேங்க் பட்டியல் வரும். பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். 118.

போன வாரம் 116. ஒரு இன்டர்நேஷனல் சீரிஸ் போட்டியின் 920 புள்ளி ஒரு வருஷம் ஆகி விழுந்துவிட்டது. சிறந்த பத்துப் போட்டிதான் கணக்கு, நான் 13 போட்டி ஆடியிருந்ததால் அடுத்த சின்ன எண் மேலே ஏறிப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பிவிட்டது. இன்னும் இரண்டு தடவை அப்படி நிரம்பும். அதன் பிறகு நிரப்ப ஒன்றும் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

தையல் பிரித்தாயிற்று. பெங்களூர் போய் வர ஒரு நாள் பூரா போய்விட்டது. அதில் அத்திப்பள்ளியில் மட்டும் முக்கால் மணி நேரம்.

மடங்குவது 85 டிகிரி. ஃபிசியோ அக்காவுக்கு அது பெரிதாகப் படவில்லை. நீளுவதுதான் முக்கியமாம். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியின் பின்பக்கம் கட்டிலைத் தொடும்வரை அழுத்த வேண்டும். பத்து எண்ணிக்கை. தொடவில்லை. ஒரு விரல் போகிற இடைவெளி இருக்கிறது. அம்மா விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் இருக்குது" என்கிறாள். இட்லி வெந்ததா என்று பார்க்கிற மாதிரி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். 118. நகரவில்லை. பொங்கல் இனாம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 15, புதன்

பக்கத்துத் தெருக் காளையை எருது விடும் விழாவுக்குத் தயார் செய்கிறார்கள். காலையில் நடை, அப்புறம் தென்பெண்ணையில் நீச்சல், பருத்திக்கொட்டை, முட்டை. அதற்கும் எனக்கும் ஒரே அட்டவணை. குளம்பில் முள் ஏறியதற்கு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கவலைப்பட்டார்கள். கோச் சார் இன்னும் ஒரு தடவைகூட போன் செய்யவில்லை. அகாடமியில் என் ரூமைக் கொடுத்தாயிற்று என்று ரூம்மேட் மெசேஜ் போட்டிருக்கிறாள். "உன் தலையணைய எடுத்து வச்சிருக்கேன்டி."

தலையணை.

ஜனவரி 19, ஞாயிறு

இந்தியா ஓப்பன் இறுதி. கொரியாவின் ஆன் சே யங். வேறு யார். அந்தப் பெண்ணின் ஆட்டத்தை மற்றவர்கள் ஷாட்டுக்காகப் பார்ப்பார்கள். நான் இப்போது கால் இறங்குவதை மட்டும் பார்க்கிறேன். 2023 ஆசிய விளையாட்டு இறுதியில் முட்டியில் அடிபட்ட பிறகும் நின்று ஆடித் தங்கம் வாங்கினாள். அதை முன்னால் நூறு தடவை பார்த்திருப்பேன், புல்லரிக்கும். இன்று பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது. யாராவது நிறுத்தியிருக்கக் கூடாதா?

ஜனவரி 28, செவ்வாய்

121.

பிப்ரவரி 2, ஞாயிறு

தூக்கம் இல்லை. மறுபடி ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மரின் வீடியோ.

பாரிஸ் ஒலிம்பிக், அரையிறுதி. முதல் கேம் 21-14. இரண்டாவதில் 10-6. இன்னும் பதினொரு புள்ளி எடுத்தால் இறுதி. இறங்குகிறார், விழுகிறார். பட்டை கட்டிக்கொண்டு எழுந்து வந்து இரண்டு ராலி நிற்கப் பார்க்கிறார். 10-8. அவ்வளவுதான், குப்புறப் படுத்து அழுகிறார். எதிரில் ஹெ பிங்ஜியாவ் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். பிறகு மெடல் மேடையில் ஹெ தன் கையில் ஸ்பெயின் பேட்ஜ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை எல்லாரும் பாராட்டினார்கள். நானும்தான். ஆனால் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அதை இல்லை. விழுவதற்கு முந்தின அரை நொடியை. பாதம் எந்தக் கோணத்தில் இருந்தது, முட்டி எந்தப் பக்கம் பார்த்தது.

2019இல் வலது முட்டி, 2021இல் இடது, 2024இல் மறுபடி வலது. அவர் இடதுகைக்காரர், நான் வலதுகை. அவருக்கு 2019இல் போனது வலது, எனக்கு இடது. ராக்கெட் பிடிக்காத பக்கத்துக் கால். பேக்ஹேண்ட் பக்கத்துப் பின்மூலைக்குத் தூக்கிப் போடுவார்கள். நாம் தலையைச் சுற்றி அடிக்கப் பின்னால் எம்பி, அந்த ஒற்றைக் காலில் இறங்குவோம். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அந்த இருநூறில் ஒன்று.

என் ஆட்டத்தில் மூன்றாவது கேம், 14-12, நான் முன்னிலை. சத்தம் கேட்டது. எதிரில் இருந்தவளுக்கும் கேட்டிருக்கிறது, ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு வலைக்கு ஓடி வந்தாள். காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்தால் வருமே, அது.

2019இல் ஜனவரியில் கிழிந்து செப்டம்பரில் சைனா ஓப்பனை ஜெயித்தார் மரின். எட்டு மாசம். இதை எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

149. 2800 புள்ளி போயிற்று. சேலஞ்ச் போட்டி அரையிறுதி. வெளியே பனி, உள்ளே ஹீட்டர் வேலை செய்யவில்லை, கையுறையைக் கழற்றாமல் வார்ம் அப் செய்தேன். காலிறுதியில் 19-20இல் சர்வீஸ் வலையில் உரசி அந்தப் பக்கம் விழுந்தது. அந்த உரசலும் இதோடு காலாவதி.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆறு வாரம். வலி அறவே இல்லை. ஃபிசியோ அக்கா போனில் திட்டினாள். தொடையிலிருந்து எடுத்து உள்ளே வைத்த தசைநார் இப்போதுதான் ரொம்பப் பலவீனமாக இருக்கிற நேரமாம், ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. "வலி இல்லன்னு படி எறங்கி ஓடுனீன்னா நான் வர மாட்டேன்."

வலித்தபோது பாதுகாப்பாக இருந்திருக்கிறேன். வலி போனதும் ஆபத்து. என்ன உடம்பு இது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆயா களி கிண்டிக்கொண்டிருந்தது. துடுப்பைப் போட்டுக் கிளறும்போது பானையிலிருந்து ஆவி குபுகுபு என்று வந்தது. பையில் பிரிக்காத ஷட்டில் டியூப் ஒன்று கிடந்தது. எடுத்துப் போய் இரண்டு பக்க மூடியையும் கழற்றி ஆவியில் பிடித்தேன். இறகு ஈரம் குடித்தால் சீக்கிரம் முறியாது. ஹாஸ்டலில் கெட்டிலில் செய்வோம், ராத்திரி பிடித்து வைத்தால் காலையில் நன்றாக இருக்கும்.

"சோத்து மேல என்னாத்தடி புடிக்கிற?"

"வாத்து எறகு ஆயா."

"பொங்கலுக்குக் கோழி அடிச்சோமே, அந்த எறக எல்லாம் தூக்கிப் போட்டீங்களே."

ஒரு ஷட்டிலை எடுத்துக் கையில் வைத்தேன். பதினாறு இறகு. எண்ணிப் பார்த்தேன், எதற்கோ. ஒவ்வொன்றின் தண்டும் ஒரே பக்கம் லேசாக வளைந்திருக்கிறது, அதனால்தான் சுழல்கிறது. ஐந்து கிராம் சுற்றி எடை. தக்கையில் 76 என்று வேகம் போட்டிருக்கிறது. பெங்களூர் உயரத்துக்கு வாங்கியது, காற்று லேசு, அதற்கு மேல் எண் போட்டால் பறந்து கோட்டுக்கு வெளியே போய்விடும். இங்கே 76 கொஞ்சம் மந்தமாகப் போகும்.

டியூப் பூரா கேழ்வரகு வாசனை. இந்த டியூபை எங்கே கொண்டுபோய் ஆடினாலும் சிரிப்பு வரும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

152.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பா குத்தகைத் தோப்புக்குக் கூட்டிப் போனார். பெங்களூரா மா இந்த வருஷம் பூ பிந்திவிட்டது. டிசம்பர் முதல் வாரம் ஊத்தங்கரையை மூழ்கடித்த மழை இந்தப் பக்கமும் நின்று பெய்தது, அதனால் என்கிறார். ஒரு மரத்தில் பூங்கொத்து, அடுத்த மரத்தில் சிவப்புக் கொழுந்து. தத்துப்பூச்சிக்கு இரண்டு தடவை மருந்து அடித்தாயிற்று. இலை எல்லாம் பிசுபிசு.

கூழ் ஆலைக்காரர்கள் என்ன விலை சொல்வார்கள் என்று ஜூனில்தான் தெரியும். அதுவரை அவரும் மொபைலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நான் செவ்வாய்க்கிழமை மட்டும். அவருக்கு எல்லா நாளும்.

மண்ணில் நடக்கும்போது இடது கால் தயங்குகிறது. மூளை முதலில் அந்தக் காலிடம் அனுமதி கேட்கிற மாதிரி. அப்பா பின்னாலேயே வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. வரப்பு ஏறும்போது மட்டும் கை கொடுத்தார். பத்து வயதுக்கு அப்புறம் அவர் கையைப் பிடித்ததாக நினைவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

178. சூப்பர் 100 போட்டி காலிறுதி, 3030 புள்ளி. என் வாழ்க்கையின் பெரிய எண். போயிற்று.

மார்ச் 5, புதன்

மாமா வந்திருந்தார். விளையாட்டுக் கோட்டா 3 சதவீதம் இருக்கிறது, சர்டிபிகேட் எல்லாம் இருக்கும்போதே ஒரு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும், முட்டி எல்லாம் அப்புறம். அவர் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் கோபம் வருகிறது. தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம்.

ஒரு சீரிஸ் போய் வர விசா, டிக்கெட், ரூம், சாப்பாடு, இரண்டு டஜன் ஷட்டில். முதல் ரவுண்டில் தோற்றால் மொத்தம் நாற்பது நிமிஷம் ஆட்டம். இந்தக் கணக்கை அப்பா ஒருபோதும் போட்டுக் காட்டியதில்லை. மாமா போட்டுக் காட்டினார். காபி ஆறிவிட்டது.

மார்ச் 8, சனி

ஊருக்கு வெளியே தகரக் கூரை கோர்ட்டு. காலை ஐந்தரைக்கு வருகிற கூட்டம்: இரண்டு வாத்தியார், ஜவுளிக்கடைக்காரர், மாங்கூழ் டிரம் ஏற்றுகிற லாரி உரிமையாளர், இன்னும் சிலர். எல்லாம் டபுள்ஸ். தோற்ற ஜோடி டீ வாங்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கோர் சொன்னேன்.

"நீ சிந்து கூட ஆடியிருக்கியாம்மா?"

"இல்லைங்க."

"நம்ம ஓசூர்ப் பொண்ணு நித்யஸ்ரீ பாரிஸ்ல மெடல் வாங்குச்சே, அத தெரியுமா?"

தெரியும். பாராலிம்பிக், உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்6 பிரிவு, வெண்கலம். அந்த மேட்சில் இரண்டாவது கேமில் எதிராளிக்கு 6 புள்ளிதான் கொடுத்தார். சொன்னேன். ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம், தானே ஆடி ஜெயித்த மாதிரி டீ வாங்கிக் கொடுத்துவிட்டார், ஜெயித்த ஜோடியாக இருந்தும்.

அப்புறம் ஒரு பொடியனுக்கு நின்ற இடத்திலிருந்து ஷட்டில் போட்டுக் கொடுத்தேன். கால் அசைக்கவே இல்லை, மணிக்கட்டு மட்டும். பத்து, இருபது, எண்பது. தந்தியில் படும்போது வருகிற அந்த டப். மூன்று மாசமாக எனக்கு ஒரே ஒரு சத்தம்தான் காதில் இருந்தது. இன்று வேறொன்று கேட்டது.

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

181. பரவாயில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆல் இங்கிலாந்து இறுதி. முதல் கேம் 13-21 போய், 21-18, 21-18 என்று ஆன் சே யங் எடுத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "இந்தப் புள்ள ஏன் மூச்சு வாங்குது, யாராவது தண்ணி குடுங்க" என்றாள். இடைவேளை 11ஆவது புள்ளியில்தான் என்று விளக்கினேன். "என்னா ரூல்சோ."

மார்ச் 21, வெள்ளி

ராத்திரி தூங்கவில்லை, இந்தத் தடவை நல்ல காரணம். பாசலில் சுவிஸ் ஓப்பனில் நம்ம சங்கர் முத்துசாமி டென்மார்க்கின் ஆன்டன்சனை அடித்துவிட்டான். உலகின் இரண்டாம் நிலை! 18-21, 21-12, 21-5. மூன்றாவது கேமில் ஐந்து! பெரிய உடம்பு கிடையாது, பெரிய ஸ்மாஷ் கிடையாது, ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டே எதிராளியைக் கழற்றுகிறான். வாட்ஸ்அப்பில் தமிழ்நாட்டு ஜூனியர் குரூப் முழுக்கப் பட்டாசு. நானும் பத்து பட்டாசு போட்டேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது இன்று. முட்டிக்குப் பின்னால் இப்போது விரல் போகவில்லை. அம்மா இரண்டு தடவை விட்டுப் பார்த்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

பார்க்கவில்லை என்று எழுத ஆசை. 204.

ஏப்ரல் 2, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இருநூறுக்கு வெளியே இருக்கிறவளுக்குச் சேலஞ்ச் மெயின் டிராவில் இடம் கிடைப்பது கஷ்டம். தகுதிச் சுற்றிலேயே காத்திருப்போர் பட்டியல். பத்தொன்பது வயதில் அங்கேதான் நின்றேன். அப்போது அது வரிசையின் ஆரம்பம் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சார் போன் செய்தார்!! நான்கு நிமிஷம். "தொடை குவாட்ஸ் எப்படி இருக்கு? எடை ஏறிட்டியா?" அவ்வளவுதான். என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. ரேங்க் பார்க்க மறந்துவிட்டேன், ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

211.

ஏப்ரல் 11, வெள்ளி

சாயங்காலம் காற்று. பத்து நிமிஷம்தான். தோப்பில் தென்மேற்கு மூலை மரத்தில் பெரிய கிளை ஒன்று முறிந்தது. நான் கொட்டகையில் இருந்தேன், சத்தம் கேட்டது. அப்பா ஓடினார். நான் ஓடவில்லை, ஆனால் இரண்டு கையாலும் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

பிஞ்சு ஏழு கூடை உதிர்ந்தது. ஊறுகாய்க்குக் கேட்டிருக்கிறார்கள். என்ன விலை கொடுப்பார்களோ.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை சித்திரை ஒன்று. நாளை மறுநாள் பெங்களூரில் பலப் பரீட்சை. இரண்டு காலையும் தனித்தனியாக மெஷினில் கட்டி உதைக்கச் சொல்வார்கள். வலதோடு ஒப்பிட்டு இடது எத்தனை சதவீதம் என்று எண் வரும். அது தேறினால் நேர்கோட்டில் ஓட விடுவார்கள். எம்புவது அதற்கும் அப்புறம். பின்மூலை அதற்கும் எவ்வளவோ அப்புறம். செவ்வாய்க்கிழமையில்தானா வைக்க வேண்டும் என்று கேட்டேன், டாக்டருக்கு அன்றுதான் நேரமாம்.

ஆயா மஞ்சள் துணியில் ஏதோ முடிந்து பையில் போட்டிருக்கிறது. ஷட்டில் டியூபையும் எடுத்து வைத்தேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

அஞ்சே முக்கால் பஸ். ரவுண்டானாவில் நின்றால் சீட் கிடைக்காது, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட வேண்டும். டிரைவர் பக்கத்து வரிசை, நடைபாதை ஓரம். அப்போதுதான் இடது காலை நீட்ட முடியும். தம்பியை முன்னாலேயே ஏறித் துண்டு போடச் சொல்லியிருக்கிறேன்.