தாத்தாவின் ஈஸிசேரும் தைக்கால் பிரம்பும்

வீட்டைப் பாகம் பிரித்தபோது அண்ணன் ஊஞ்சலை எடுத்துக்கொண்டான். எனக்கு வந்தது தாத்தாவின் ஈஸிசேர். தேக்குச் சட்டம், பிரம்பு பின்னிய படுகை, நீளமான இரண்டு கைகள். கைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் பலகையை வெளியே திருப்பினால் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். பிளாண்டர்ஸ் சேர் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தது இதற்குத்தான். எஸ்டேட்டில் நாளெல்லாம் சுற்றிவிட்டு வந்தவன் காலை நீட்டிப் படுக்கச் செய்துகொண்டது. தஞ்சாவூர் ஜில்லாவில் மலையும் இல்லை, காபித் தோட்டமும் இல்லை. இருந்தும் மிராசுதார் வீட்டு ரேழிகளில் இது எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் பிரம்பு கிழிந்தபோது டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். பிளாஸ்டிக் ஒயரைப் போட்டுப் பின்னிக் கொடுத்துவிட்டார்கள். பச்சையும் வெள்ளையுமாக, ஏதோ மார்க்கெட் கூடை மாதிரி. அரை மணி உட்கார்ந்து எழுந்தால் முதுகில் கட்டம் கட்டமாகத் தடம். மே மாதத்தில் சட்டை ஒயரோடு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தடவை விடுவதில்லை என்று, மயிலாடுதுறையில் ஒரு குட்டியானையைப் பிடித்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு தைக்காலுக்குப் புறப்பட்டேன்.

சீர்காழியைத் தாண்டி சிதம்பரம் சாலையில், கொள்ளிடத்துக்கு முன்னால் வருகிறது தைக்கால். சாலையின் இருபுறமும் பிரம்பு ஊஞ்சல், தொட்டில், மோடா, சோபா எல்லாம் வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். பிரம்பு இங்கே விளைவதில்லை. அசாமிலிருந்தும் அந்தமானிலிருந்தும் வருகிறது. ஒரு பட்டறையில் பையன் ஒருவன் தடிப் பிரம்பை முட்டுக்கொடுத்து, புளோ லாம்ப் நெருப்பைக் காட்டிக் காட்டி வளைத்துக்கொண்டிருந்தான். கருகினால் போச்சு, சூடு போதாவிட்டால் ஒடிந்துவிடும். வளைந்த இரண்டு கம்புகளை ஆணியால் அறைந்து, ஆணி தெரியாதபடி மேலே நார்ப் பிரம்பைச் சுற்றினான்.

நான் பார்க்கப் போன பாய் நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, ஒயரைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு தம்பி இந்த வேலைய செஞ்சது? சட்டத்துல அழகா ஓட்டை போட்டு வச்சிருக்கான். அதுல கோக்காம ஆணி அடிச்சிருக்கானுவ."

"அவங்கதான் இதுதான் உழைக்கும்னாங்க பாய்."

"உழைக்கும், உழைக்கும். உக்கார்ற ஆளுதான் உழைக்க மாட்டாரு."

ரோலாக வரும் ஷீட் பிரம்பை வெட்டி ஒட்டினால் வேலை சுருக்க முடியும். ஓட்டையில் கோப்பது வேறு. பிரம்பு நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மினுமினுப்பான பக்கம் மேலே இருக்கும்படி நெட்டாக இரண்டு தடவை, குறுக்காக இரண்டு தடவை, பிறகு இரு பக்கமும் சாய்வாக இழுக்க வேண்டும். ஈரத்தில் கோத்தது காயும்போது இறுகும். கொஞ்ச காலம் கழித்துத் தொய்ந்தால் அடிப்பக்கத்தில் ஈரத்துணி போட்டு, திரும்பக் காயவிட்டாலே இழுத்துக்கொள்ளும் என்றார். பிளாஸ்டிக் ஒயருக்கு அந்த வித்தை தெரியாது. நாளை சாயங்காலம் வரச் சொன்னார்.

ஒரு நாள் கையில் இருந்தது. மறுநாள் காலையில் பஸ் பிடித்து, திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி போனேன். திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக இரண்டு அறுபதாம் கல்யாண ஜோடிகள் ஏறினார்கள். சீட்டில் உட்காரும்போது பெரியவர் ஒருவர் "அம்மாடி" என்றார். ஈஸிசேர் வாங்கச் சரியான வயது. ஆனால் அதிலிருந்து எழுந்திருக்கத் தவறான வயது. படுகை பின்பக்கம் தாழ்ந்து பாரம் முழுவதும் முதுகுக்குப் போய்விடுவதால்தான் அந்தச் சுகம். எழுந்திருக்க முடியாமல் போவதும் அதனால்தான்.

தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். மதில் நிழலில் உட்கார்ந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவர்கள் நாட்டு நாற்காலிகள். 1949-ல் கோபன்ஹேகன் தச்சர் கண்காட்சியில் ஹான்ஸ் வெக்னர் ஒரு வட்ட முதுகு நாற்காலி வைத்தார். படுகை பிரம்பு. முதுகுக் கட்டை மூன்று துண்டு. அந்த இணைப்பு அவருக்குத் திருப்தியாக வரவில்லை. ஆகவே மேலே பிரம்பைச் சுற்றி மறைத்துவிட்டார். பிறகுதான் இணைப்பை மறைக்காமல், விரல் கோத்த மாதிரி அழகாகவே காட்டினார். செருப்புத் தைப்பவரின் மகன். 1960-ல் கென்னடியும் நிக்சனும் டி.வி. விவாதத்தில் உட்கார்ந்தது அந்த நாற்காலியில்தான். வெக்னர் முதலில் இணைப்பைப் பிரம்பால் மறைத்ததும், முந்தின நாள் பார்த்த பையன் ஆணியை மறைத்ததும் ஒரே வித்தை.

அதே 1949-ல் ஓலே வான்ஷர் என்ற இன்னொரு டேனிஷ்காரர் மெல்லிய கால்களும் பிரம்புப் படுகையுமாக ஒரு சாய்வு நாற்காலி செய்தார். அதற்குப் பெயரே கலோனியல் சேர். விற்றுவிட்டுப் போனவர்களுக்கும் அந்த ஏக்கம் விடவில்லை போலிருக்கிறது.

அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1956-ல் கொண்டுவந்த லவுஞ்ச் சேரும் இந்த வம்சம்தான். வளைத்த பிளைவுட், தோல் மெத்தை, கால் போட ஒரு தனி முக்காலி. கைபழகிய பேஸ்பால் கையுறை மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும் என்பது சார்லஸின் ஆசை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் தோலில் சாய்ந்து பார்க்கட்டும். பிரம்பில் காற்று அடியிலிருந்து வரும். சண்டிகருக்குப் பியர் ஜான்ரே என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் தேக்கிலும் பிரம்பிலும் செய்த நாற்காலிகளை அலுவலகங்களில் பழசு என்று ஒதுக்கிக் குவித்தார்கள். இப்போது வெளிநாட்டு ஏலத்தில் அவை லட்சக்கணக்கில் போகின்றன. எங்கள் தெருவில் காயலான் கடைக்குப் போன ஈஸிசேர்களை எண்ணினால் வயிறு எரியும்.

எங்கள் வீட்டில் இரண்டு வகை இருந்தது. திண்ணையில் கித்தான் போட்டது, சித்தப்பாவுக்கு. கித்தானில் செருகிய கழியை நைஸாக உருவிவிட்டு, அவர் உட்காருவதைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்ப்போம். ஒரு தடவை உண்மையிலேயே விழுந்து, நான் பூவரசங் கம்பால் அடி வாங்கினேன். ரேழியில் இருந்த பிரம்பு ஈஸிசேரில் தாத்தாவைத் தவிர யாரும் சாய்ந்ததில்லை. அவர் இருக்கும்வரை அப்பாகூட. குத்தகைக்காரர்கள் துண்டை இடுப்பில் கட்டி முற்றத்தில் நிற்பார்கள். தாத்தா காலை நீட்டியபடியே களத்துக் கணக்குக் கேட்பார். தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. அதற்கு அப்புறமும் அவர்கள் நின்றார்கள். வேறு நாற்காலி அங்கே இல்லை.

சாயங்காலம் தைக்காலில் நாற்காலி தயாராக இருந்தது. தேன் நிறத்தில் எட்டுக்கோணக் கண்கள், வரிசை தப்பாமல். விரலால் சுண்டினேன், பறை மாதிரி சத்தம் வந்தது. "ரெண்டு நாளு உக்காராதீய, உள்ளாற ஈரம் இருக்கு" என்றார் பாய்.

மூன்றாம் நாள் அம்மாவை உட்காரச் சொன்னேன். நாற்பது வருஷம் அதைத் துடைத்தவள், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"போடா, அதுல விழுந்தா யாரு தூக்கிவிடுறது?"

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஈஸிசேரின் கால் பலகையைத் தன் பக்கம் திருப்பி, வீங்கின காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.