நூறு நாள் வேலை சம்பளம்: "இன்ஆக்டிவ் ஆதார்"னு வந்தா ஆதார் சென்டருக்கு ஓடாதீங்க

5,136 ரூபா. பெரிய காசு இல்லதான், ஆனா அம்மா ஜூன் மாச வெயில்ல ஏரிக்கரையில 18 நாள் மண்ணு வெட்டின காசு. அதை வாங்க நாலு மாசம் ஆச்சு, அதுக்காக நான் சென்னைல இருந்து மூணு தடவை லீவு போட்டு ஊருக்கு ஓடுனேன். இப்ப அக்கவுன்ட்ல ஏறிடுச்சு, கோவமும் ஓரளவுக்கு ஆறிடுச்சு, அதான் எழுதுறேன்.

இது 2024ல நடந்தது. அப்ப தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 319னு அறிவிச்சிருந்தாங்க, எங்க ஊர்ல வெட்டின மண்ணை அளவெடுத்து கூலி போடும்போது 280, 290லயே நின்னுடும், அதை விடுங்க. வருகைப் பதிவுக்கு காலைல ஒரு போட்டோ மதியம் ஒரு போட்டோ, பணித்தள பொறுப்பாளர் அக்கா டவர் கிடைக்காம கரை மேல ஏறி போனை தூக்கிப் புடிச்சிட்டு நிப்பாங்க, அதுவும் உங்களுக்கு தெரிஞ்ச கதைதான்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு காசு வந்துடுச்சு, அம்மாவுக்கு வரல. ஊராட்சியில கேட்டா "ஃபண்டு வரலம்மா"ன்னாங்க. ரெண்டு பேர் பேரும் ஒரே என்எம்ஆர்ல, அதாவது வருகைப் பட்டியல்ல இருக்கு, அத்தைக்கு வந்த ஃபண்டு அம்மாவை மட்டும் தாண்டிப் போயிடுச்சா? நானே நூறு நாள் வேலை வெப்சைட்ல போய் எங்க ஊராட்சி, அம்மாவோட ஜாப் கார்டு நம்பர்னு தேடிப் பாத்தேன். மூணு வாரமும் ரிஜெக்டட், காரணம் இன்ஆக்டிவ் ஆதார்.

இந்த ரெண்டு வார்த்தைதான் எங்களை ரெண்டு மாசம் சுத்த விட்டுச்சு. பிடிஓ ஆபீஸ்ல, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலகத்துல, கம்ப்யூட்டர் முன்னாடி இருந்தவர் ஸ்க்ரீனைக் கூட சரியா பாக்கல, "ஆதார் செத்துப் போச்சும்மா, அப்டேட் பண்ணிட்டு வா"ன்னு அனுப்பிட்டார். நானும் நம்பி அம்மாவை ஆதார் சென்டருக்கு கூட்டிட்டுப் போனேன். டோக்கன் வாங்கி உக்காந்தது காலைல, முடிஞ்சப்ப மதியம் தாண்டிடுச்சு. அம்மா கை ரேகை விழவே இல்ல, மம்பட்டி புடிச்ச கை எப்படி விழும், எண்ணெய் தடவி துடைச்சு திரும்ப வெச்சு கடைசியா கண்ணை வெச்சு முடிச்சாங்க. 100 ரூபா ஃபீஸ். அன்னிக்கு வேலைக்கு போகாததால ஆப்சென்ட் வேற. பத்து நாள் கழிச்சு அப்டேட் ஆச்சுன்னு மெசேஜ் வந்துது, ஆனா வெப்சைட்ல பாத்தா அப்பவும் அதே இன்ஆக்டிவ் ஆதார்.

அப்புறம்தான் விசாரிச்சு தெரிஞ்சுது, ஆதார்ல ஒரு கோளாறும் இல்ல. 2024 ஜனவரில இருந்து இந்த சம்பளம் ஆதாரை வெச்சுதான் போடணும்னு ஆக்கிட்டாங்க, அதாவது ஜாப் கார்டுல எந்த அக்கவுன்ட் நம்பர் எழுதியிருந்தாலும் அது கணக்கில்ல, பேங்குகளுக்கு நடுவுல காசு அனுப்பற என்பிசிஐங்கற அமைப்போட பதிவுல உங்க ஆதாருக்கு நேரா கடைசியா எந்த பேங்க் ஏறியிருக்கோ அங்கதான் போகும், எந்த பேங்கும் இல்லன்னா இன்ஆக்டிவ்னு திரும்பிடும். அம்மா மகளிர் குழு லோனுக்காக வேற ஒரு பேங்க்ல கணக்கு தொடங்கினாங்க, ஆதார் அங்க மாறிடுச்சு, லோன் முடிஞ்சு அதை குளோஸ் பண்ணதும் ஆதாருக்கு எந்த பேங்கும் இல்லாம போச்சு. இதை கண்டுபிடிக்க எங்கயும் போக வேணாங்க, போன்ல *99*99*1# அடிச்சு ஆதார் நம்பர் குடுத்தா எந்த பேங்க்னு சொல்லிடும். ரெண்டு நிமிஷம். இது முதல்லயே தெரிஞ்சிருந்தா ரெண்டு லீவு மிச்சம்.

சரின்னு பழைய பேங்குக்கு போனா அங்க இருந்தவர் "லிங்க் ஆகிதான்மா இருக்கு"ன்னு ஸ்க்ரீனைத் திருப்பி காட்றார். கவனமா கேட்டுக்கோங்க, அது கேஒய்சிக்கு, அதாவது அடையாளம் சரிபாக்க, பாஸ்புக்கோட சேத்த லிங்க், என்பிசிஐல ஆதாருக்கு நேரா பேங்கை ஏத்தற மேப்பிங் (சீடிங்னும் சொல்வாங்க) வேற. "சார் என்பிசிஐ சீடிங் ஃபார்ம் குடுங்க"ன்னு அதே வார்த்தையில கேக்கணும். நான் மூணாவது தடவை கேட்டப்பதான் டிராயர்ல இருந்து எடுத்தார். அம்மா என் கையை இழுத்து "விடு பாப்பா, போலாம், கோவிச்சுக்கப் போறாரு"ன்னு. கோவிச்சா கோவிச்சுக்கட்டும். ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்கினேன், நாலு நாள்ல மேப் ஆயிடுச்சு.

முடிஞ்சுதுன்னு நெனச்சேன். புது வாரத்து காசு ஒழுங்கா வந்துச்சு, பழைய 18 நாள் காசு மட்டும் வரல. பிடிஓ ஆபீஸ்ல "அது தானா வரும்"னு சொன்னாங்க, தானா எல்லாம் வராது. ரிஜெக்ட் ஆனதை அவங்க திரும்ப ஜெனரேட் பண்ணி அனுப்பணும். ரிஜெக்ட் ஆன பக்கத்தை பிரின்ட் எடுத்து, மேப்பிங் ஸ்க்ரீன்ஷாட்டை பின் பண்ணி, மனு எழுதி, நகல்ல சீலும் தேதியும் வாங்கிட்டு வந்தேன். மூணு வாரம் சத்தமே இல்ல. முதல்வர் உதவி மைய நம்பர் 1100க்கு போன் போட்டு புகார் குடுத்தேன். அதுக்கு அப்புறம் வந்துது பாருங்க ஒரு கால், அதே ஆபீஸ், அதே குரல், "ஏம்மா, நேர்ல சொல்லியிருந்தா பண்ணியிருக்க மாட்டோமா?" நேர்ல சொன்ன தேதி சீலோட என்கிட்ட இருக்கு சார்னு மட்டும் சொன்னேன். ஒன்பதாம் நாள் 5,136 ஏறிடுச்சு.

சம்பளம் லேட் ஆனா நாளுக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு குடுக்கணும்னு அப்ப இருந்த சட்டத்துல இருந்துச்சு. எங்க காசுக்கு கணக்கு போட்டா நாளுக்கு ரெண்டரை ரூபா சொச்சம். அதுவும் வரல, அதுக்காக இன்னொரு லீவு போட எனக்கு தெம்பும் இல்ல.

இன்னொண்ணு, அம்மா இப்ப திரும்ப புது குழுவுல சேரப் போறாங்களாம், அதுக்கு வேற பேங்க்ல கணக்கு தொடங்கணுமாம். ஃபார்ம்ல ஆதார் சீடிங்னு இருக்கற கட்டத்துல டிக் போடாதம்மான்னு போன்லயே மூணு தடவை சொல்லிட்டேன்.