‘கடைசிப் பிரதி எது?’

நாங்கள் ஐந்து பேர், மதுரை, திருநெல்வேலி, பெங்களூரு என மூன்று ஊர்களில் இருந்துகொண்டு, தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளையும் பயிற்சிக் கையேடுகளையும் தமிழுக்கு மொழிபெயர்த்துத் தருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கையேடு அச்சாகி வந்த அன்று, எங்கள் மெய்ப்புத் திருத்துநர் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த திருத்தங்களில் ஒன்றுகூட அதில் இல்லை என்பது தெரியவந்தது. மின்னஞ்சலில் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி புதியது’ என்று மூன்று கோப்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் திருத்தியது இரண்டாவதை, நான் அச்சகத்துக்கு அனுப்பியது மூன்றாவதை. அந்த மூன்றாவது, முதல் கோப்பிலிருந்து தனியே கிளைத்து வந்தது என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. கையேட்டை எங்கள் செலவில் மறுபடியும் அச்சடித்துக் கொடுத்தோம்.

அதன் பிறகுதான் எல்லா வேலையையும், ஒரே ஆவணத்தைப் பலர் இணையத்தில் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸுக்கு மாற்றினோம். மாறுவதற்கு முன் கடக்கவேண்டியிருந்த தடை எழுத்துருதான். எங்களில் இருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவிலேயே பல ஆண்டுகள் தட்டச்சு செய்து பழகியவர்கள். அந்த உரையை இணைய ஆவணத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையாகத்தான் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பழகிய பின்னரே, ஒரே பக்கத்தைத் தமிழில் ஐவரும் திறந்து பார்ப்பது எங்களுக்குக் கைகூடியது.

ஒரே வரியில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் அது ஏன் குழம்புவதில்லை என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ‘மழை பெய்தது’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். மதுரையில் இருப்பவர் அதன் தொடக்கத்தில் ‘நேற்று’ என்று சேர்க்கிறார். அதே நொடியில் பெங்களூரில் இருப்பவர் ‘பெய்தது’ என்பதற்கு முன்னால் ‘நன்றாகப்’ என்று சேர்க்கிறார். கணினியின் கணக்கில் ம, ழ, ஐகாரக் குறி, இடைவெளி என நான்கு குறியீடுகளுக்குப் பிறகு அவர் தம் சொல்லை வைக்கிறார். ஆனால் அதற்குள் ‘நேற்று’ என்பதும் அதன் இடைவெளியுமாக ஏழு குறியீடுகள் முன்னால் வந்து நின்றுவிட்டன. பழைய எண்ணையே நம்பினால் ‘நேற்நன்றாகப் று மழை பெய்தது’ என்று வரி சிதைந்துபோகும். எனவே மென்பொருள் நான்கோடு ஏழைக் கூட்டி, பதினொன்றுக்குப் பிறகு அச்சொல்லை வைக்கிறது. ‘நேற்று மழை நன்றாகப் பெய்தது’ என்று இருவர் திரையிலும் ஒரே வரி வருகிறது. ஒருவருடைய செயலை மற்றவருடைய செயலுக்கு ஏற்ப இப்படி உருமாற்றிப் பொருத்தும் முறையைக் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இருவர் 1989-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகே அது எல்லோருடைய கைக்கும் வந்தது. 2008-இல் வெளிவந்த ஈதர்பேடு என்ற இணைய எழுதுகருவி, எழுதுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து, எழுத்து எழுத்தாக உடனுக்குடன் காட்டியது. அடுத்த ஆண்டே அதை உருவாக்கிய நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. ஈதர்பேடின் நிரல், எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூலமாக வெளியிடப்பட்டதால், இன்றும் எவரும் தம் சொந்தச் சேவையகத்தில் ஈதர்பேடை நிறுவி நடத்தலாம்.

ஆனால் எங்கள் வேலையை மாற்றியது இந்த உடனடித்தன்மை அன்று. ஒரு வாக்கியத்தைப் பற்றிய பேச்சு அந்த வாக்கியத்தின் அருகிலேயே தங்குகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பெல்லாம் ‘பதினேழாம் பக்கம், இரண்டாம் பத்தி, அந்தச் சொல் சரியில்லை’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். இருவர் பதில் சொல்வார்கள். ஒரு முடிவும் ஏற்படும். அன்று மாலைக்குள் ஐம்பது செய்திகளுக்கு அடியில் அது மறைந்துவிடும். இப்போது எங்கள் முதல் விதி இதுதான்: தொலைபேசியில் எடுத்த முடிவானாலும், அதை அந்தச் சொல்லின் ஓரத்தில் கருத்தாக எழுதாதவரை அது முடிவாகாது. திருத்துபவர் நேரடியாக அழித்து எழுதாமல் பரிந்துரை முறையில்தான் திருத்தவேண்டும். மொழிபெயர்த்தவர் அதைப் பார்த்து ஏற்கவேண்டும், இல்லையேல் காரணம் எழுதவேண்டும். இதில் நேரம் கூடுதலாகத்தான் செலவாகிறது. அந்த நேரத்துக்கு ஈடாக, என்ன மாறியது, ஏன் மாறியது என்பதை எழுதியவர் அறிந்துகொள்கிறார்.

எது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ட்ரெல்லோ என்ற இணையச் செயலியில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் அட்டை. அது ‘மொழிபெயர்ப்பு’, ‘திருத்தம்’, ‘அச்சுக்குத் தயார்’ என்று இடமிருந்து வலமாக நகரும். அட்டைகளை வைத்து உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் இந்த வழக்கம் ஜப்பானின் டொயோட்டா ஆலைகளிலிருந்து வந்தது. ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு அட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்று நாங்களே வரையறுத்தோம். அதைக் கடைப்பிடிப்பது பலகையை உருவாக்குவதைவிடக் கடினமாக இருந்தது.

நான் பார்த்தவற்றுள் மிகச் செம்மையான கூட்டுப்பணி ஏற்பாடு, காசு கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளிலும் இல்லை, பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்க்கும் இணைய நூலகமான விக்கிமூலத்தில் இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் ஒரு பழைய நூலைத் திறந்தால், ஒரு பாதியில் பக்கத்தின் ஒளிப்படமும் மறுபாதியில் தட்டச்சான உரையும் நிற்கும். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்பு பார்த்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. அவருக்கு அந்தத் தெரிவையே மென்பொருள் காட்டாது. முகம் அறியாத இருவர், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், ஒரு பக்கத்தைப் பிழையறச் செய்துவிட முடிவது இந்த ஒரு சிறு தடையால்தான். இதைப் பார்த்த பிறகே, திருத்தியவர் தம் அட்டையைத் தாமே ‘அச்சுக்குத் தயார்’ பகுதிக்கு நகர்த்தக்கூடாது என்று எங்கள் பலகையிலும் விதி செய்தோம்.

இவை எல்லாம் பிறருடைய சேவையகங்களில் இருப்பவை என்பதையும் நான் மறக்கவில்லை. கூகுள் 2009-இல் பெரும் எதிர்பார்ப்போடு அறிவித்த வேவ் என்ற கூட்டுப்பணிச் சேவை, மறு ஆண்டே கைவிடப்பட்டது. அதனால் மாதத்தின் முதல் நாளில் எல்லா ஆவணங்களையும் பதிவிறக்கி ஒரு வன்தட்டில் சேமிக்கிறோம்.

சென்ற மாதம் எங்கள் குழுவில் ஒரு தங்கை புதிதாகச் சேர்ந்தார். கலைச்சொற்களுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்பதற்கு ‘தொடர்புடையோர்’ என்று இருப்பதைப் பார்த்திருக்கிறார். எல்லோரும் ‘பங்குதாரர்’ என்றுதானே எழுதுகிறார்கள் என்று ஐயம் வந்திருக்கிறது. என்னைக் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் முடித்துவைத்த கருத்தைத் திறந்து, ‘பங்குதாரர்’ என்றால் நிறுவனத்தில் பங்கு வாங்கியவர் என்ற பொருளே வாசகருக்கு முதலில் தோன்றும் என்று நாங்கள் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். பிறகு அதன் கீழே, ‘கூட்டுறவுச் சங்கம் பற்றிய கையேட்டில் இவர்கள் உண்மையிலேயே பங்கு வைத்திருப்பவர்கள், அங்கே என்ன செய்வது?’ என்று கேட்டிருந்தார். அந்தக் கருத்து இப்போது மீண்டும் திறந்திருக்கிறது. இதுவரை மூன்று பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்.